செங்கல்லுக்குத் திரும்பிய சூளை

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைத் தொட்டுப் பார்த்து, ரோமாபுரியையே தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிக் கைவிட்ட கட்டிடத்தின் மிச்சம். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிக் காட்டிய பண்டகசாலையின் செங்கல் மறுபடி மண்ணுக்கடியில் போய்விட்டது. அதில் பெரும்பகுதி அதற்கும் முன்பே யார் யார் வீட்டுச் சுவருக்குள்ளோ போயிருந்தது. சோழர் காலத்திலேயே அங்கே செங்கல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்பதை, பிடுங்கியவர்கள் விட்டுச் சென்ற பள்ளங்களை வைத்தே வீலர் கண்டுகொண்டார். 1769 ஜூனில் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுவையில் காத்திருந்து, மேகம் மூடியதால் பார்க்காமலே போன லெ ஜான்தீல் என்ற வானியலாளர், ஊர்க்காரர்கள் அங்கே பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுத்துப் போவதைக் குறித்து வைத்திருக்கிறார்.

செங்கல்லின் சரித்திரம் இப்படித்தான். அது ஓரிடத்தில் தங்குவதில்லை, மறுபடி மறுபடி வேலைக்குப் போகிறது. உடைந்த பாண்டமோ வேலையிலிருந்து விடுபட்டு அருங்காட்சியகம் போய்ச் சேர்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலிய அரிட்டைன் பாண்டங்களின் அடியில் செய்த பட்டறையின் முத்திரை இருந்தது. அந்தப் பெயர்களை வைத்துத்தான் வீலர் அந்த இடத்துக்கே காலம் குறித்தார். பெயரில்லாத நம் மண்பாண்டங்கள் பெயருள்ள அந்நியச் சட்டியின் பக்கத்தில் கிடந்ததால் வயதைப் பெற்றன. 1989க்குப் பின் விமலா பெக்லி மறுபடி தோண்டி, குடியிருப்பு வீலர் நினைத்ததைவிடப் பழையது என்று வாதிட்டபோதுதான் அந்தக் கடன் ஓரளவு தீர்ந்தது. ஆனால் அப்போதும் பேச்சு பாண்டத்தைப் பற்றித்தான். செங்கல் கணக்கில் வரவில்லை.

மண்ணைச் சுட்டுச் செய்யும் தொழிலின் சரித்திரத்தை நாம் ஒரு படிக்கட்டாகவே எழுதிப் பழகியிருக்கிறோம். கீழ்ப்படியில் செங்கல், மேலே ஓடு, அதற்கும் மேலே சட்டி, உச்சியில் பீங்கான், கலை. இதற்கு ஐரோப்பாவில் ஒரு துல்லியமான உதாரணம் இருக்கிறது. ஸ்டாக்ஹோமுக்கு அருகில் வார்ம்டோ தீவில் குஸ்தாவ்ஸ்பெரி என்ற இடத்தில் பதினேழாம் நூற்றாண்டில் ஒரு செங்கல் சூளை இருந்தது. 1825இல் அதன் உடைமையாளர் பீங்கான் செய்ய அனுமதி வாங்கினார். செங்கல் மறைந்தது, ஆலை வளர்ந்தது, நங்கூரம் அதன் முத்திரையாயிற்று. 1917இல் வில்ஹெல்ம் கோகே என்ற ஓவியர் அங்கே தொழிலாளர் வீடுகளுக்கென்றே மலிவான சாப்பாட்டுப் பாத்திர வரிசை ஒன்றை வடிவமைத்தார். 1937இல் கூட்டுறவு இயக்கம் ஆலையை வாங்கியது. பிறகு குளியலறைத் தொட்டிகளும் கழிவறைப் பீங்கானும் வந்தன. இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் தேடுவது கோகேயையும் அவருக்குப் பின் வந்த ஸ்டிக் லிண்ட்பெரியையும்தான். அவர்களுக்கு முன் அந்த மண்ணில் கல் அறுத்தவனை யாரும் தேடுவதில்லை. தேடினாலும் கிடைக்கமாட்டான், அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

இந்தப் படிக்கட்டில் ஒருவர் மேலிருந்து கீழே இறங்கி வந்தால் என்ன ஆகும்? அப்படி ஒன்று நம் புதுவையில் நடந்தது.

1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அரவிந்தாசிரமச் சூழலில் பிறந்த சிறு பட்டறை அது. ஸ்மித் ஜப்பானிய மொழி அறிந்தவர், அங்கே மண்வேலை பயின்றவர். மீக்கர் முதலில் கட்டிடக்கலை படித்து, அதை விட்டு மண்ணுக்கு வந்தவர். அவர்கள் இங்கே செய்தது நாட்டுச் சட்டி அல்ல, ஸ்டோன்வேர். நம் குயவர் சூளை எட்டுநூறு டிகிரியை ஒட்டி நின்றுவிடும். ஸ்டோன்வேருக்குச் சுமார் 1300 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் மண் கல்லாக இறுகி, மேலே பூசியது கண்ணாடியாக உருகி ஒட்டிக்கொள்கிறது. ஐம்பதாண்டுகளில், அங்கே பயின்று வெளியேறியவர்களாலும் அவர்களைப் பார்த்துச் செய்தவர்களாலும், புதுவையைச் சுற்றிப் பல பட்டறைகள் எழுந்தன. 'பாண்டிச்சேரி பாட்டரி' என்பது கடைத்தெருவில் ஒரு பொதுப்பெயராகிவிட்டது.

ஸ்மித் வழியாக இங்கே வந்து சேர்ந்த ஜப்பானிய மரபின் பெருங்குயவர் ஷோஜி ஹமாடா. தம் பாண்டங்களில் கையெழுத்துப் போடுவதை அவர் நிறுத்திவிட்டவர். பெயர் தெரியாத கைவினைஞனின் அழகே உயர்ந்த அழகு என்று அவர் நண்பர் யனாகி ஒரு தத்துவமே செய்திருந்தார். இதில் ஒரு முரண் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே ஹமாடா உலகப் புகழ் பெற்றார். பெயரைத் துறக்க முதலில் பெயர் இருக்கவேண்டும். வில்லியனூர்க் குயவருக்குத் துறப்பதற்கு எதுவும் இல்லை.

மீக்கரின் இறக்கம் 1980களின் நடுவில் தொடங்குகிறது. ஈரானியக் கட்டிடக் கலைஞர் நாதர் கலீலி 1975இல் தம் தொழிலை விட்டுவிட்டுப் பாலைவன ஊர்களில் அலைந்து, மண் வீட்டை அப்படியே சுட்டுவிட்டால் என்ன என்று கேட்டார், சுட்டும் காட்டினார். அந்தக் கேள்வி மீக்கரைப் பிடித்துக்கொண்டது. பச்சைக் கல்லால் சுவர் எழுப்பி, மரமும் இரும்பும் இல்லாமல் பச்சைக் கல்லாலேயே வளைவுக் கூரையோ குவிமாடமோ மூடுவது. உள்ளே பச்சைக் கல்லும் ஓடும் சட்டியும் அடுக்கி நிரப்புவது. கதவு சன்னல்களை அடைத்து, அடியில் விறகிட்டு, இரவும் பகலும் எரிப்பது. நெருப்பு அணைந்து ஆறியபின் உள்ளே வெந்திருக்கும் சரக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வீடு. 'அக்னிஜாதா' என்றே அவற்றில் ஒன்றுக்குப் பெயர் வைத்தார்.

இதன் அறிவியல் எளிது. அறுநூறு டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகத் திரும்பாது. பொருளாதாரமும் எளிதாகவே தோன்றியது. உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவை ஈடுகட்டலாம், வீடு மீதம்.

வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொன்று படுகிறது. செங்கல் சூளைக்கு ஒருவர் கடன் கேட்டால் சூளை ஒரு பத்தியில் வரும், சரக்கு ஆயிரம் கல் கணக்கில் வேறொரு பத்தியில் வரும், கட்டிடம் மூன்றாவது பத்தி. கருவி, பொருள், இருப்பிடம் மூன்றும் வெவ்வேறு என்பது கணக்கின் அடிப்படை. மீக்கர் கட்டியதில் சூளைதான் பொருள், பொருள்தான் வீடு. அதை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. புதிய வடிவம் ஒன்று உண்மையாகவே புதியதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. கவிதையில் புதுமை என்று நாம் கொண்டாடுகிறவை பலவும் பழைய பத்தியில் புதிய எண்ணை எழுதியவைதான்.

ஆனால் அது பரவவில்லை. 1990களோடு அந்தச் சோதனைகள் ஓய்ந்தன. காரணங்களைத் தொழிலுக்கு உள்ளேயே காணலாம். நெருப்பு உள்ளேயிருந்து எரிவதால் சுவரின் உள்முகம் நன்றாக வெந்து வெளிமுகம் அரைவேக்காட்டில் நிற்கும். வேகும்போதும் ஆறும்போதும் மண் சுருங்கி வெடிக்கும். ஒரு வீடு சுட ஒரு வீடு கொள்ளும் சரக்கு வேண்டும், சரக்குக்குச் சந்தை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் விறகு. ஏழைக்குச் சாசுவதமான வீடு என்று தொடங்கியது எத்தனை தோப்பை விழுங்கும் என்ற கேள்வியில் வந்து நின்றது. எகிப்தில் ஹஸன் ஃபாத்தி மண்ணைச் சுடாமலே வளைவுகள் கட்டியவர். மண்ணை மண்ணாகவே விட்டிருக்கலாம் என்று அவர் பக்கம் நின்று சொல்ல முடியும்.

ஆகவே இது தோல்வி என்று எழுதி முடித்துவிடலாம். அப்படித்தான் எழுதுவார்கள். பட்டறையின் கிண்ணங்கள் வெற்றி, வீடுகள் ஒரு விசித்திரமான இடைக்கதை. குஸ்தாவ்ஸ்பெரியின் படிக்கட்டு மறுபடி நிமிர்ந்து நின்றுவிடும். இதைத்தான் நான் மறுக்கிறேன். விற்கிற கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் பெயர் ஒட்டாத பொருளான செங்கல்லுக்குத் திரும்பி, அதில் பத்தாண்டுக்கு மேல் செலவிட்டார் என்பது இந்த ஊரின் கலைச் சரித்திரத்தில் முக்கியமான காரியம். அது நின்றுபோனதற்கான காரணங்களும் சரித்திரம்தான். நம் வட்டத்தில் இது பற்றிப் பேச்சு எழுந்த நினைவு எனக்கில்லை. வெள்ளைக்காரர்கள் விவகாரம், ஆசிரம விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம். பாரிஸில் எழுந்த இயக்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, பத்து நிமிஷ சைக்கிள் தூரத்தில் ஒரு வீடு எரிந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

2020இல் வில்லியனூர்ப் பக்கத்துச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. பெயரில்லாதிருந்த மரபுக்குக் கடைசியில் பெயர் வந்துவிட்டது, சந்தோஷம். பாகூர்ப் பக்கம் போகும்போது சாலையோரத்தில் பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. அறுத்தவர்கள் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு அடுத்த சூளைக்குப் போயிருப்பார்கள்.