பிராங்க் கால்: சிரிப்பு எங்கிருந்து வருது, எங்க நிறுத்தணும்?

பஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு தனியா சிரிக்கிற ஆளைப் பார்த்திருப்பீங்க. காதுல ஏதாவது பிராங்க் கால் ஓடிட்டிருக்கலாம். முகம் கிடையாது, காட்சி கிடையாது, ரெண்டு குரல் மட்டும்தான். அப்புறம் ஏன் இவ்வளவு சிரிப்பு?

ரகசியம்: போன் பண்ணுறது யாருன்னு உங்களுக்குத் தெரியும், எதிர்முனையில இருக்குறவருக்குத் தெரியாது. அந்தக் கூட்டுல நீங்களும் ஒரு ஆள்!

ஊர்ப்பேச்சு: மில்லர்புரத்து அண்ணாச்சி ஒருத்தருக்கு போன் போட்டு, "நீங்க கேட்ட 50 கிலோ மக்ரூன் ரெடி"ன்னு சொல்லிப் பாருங்க. "ஏல, யாருல நீ?"ன்னு வர்ற பதிலை எந்த வசனகர்த்தாவும் எழுத முடியாது. கோபம் ஏற ஏற ஊர் பாஷை தானா வெளியே வந்துடும்.

கேசட் காலம்: 1970-களில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு மதுக்கடைக்காரரைச் சீண்டிய 'டியூப் பார்' பதிவுகள் கைக்குக் கை காப்பியாகிப் பரவின. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் பார்ட், மோவுக்கு போன் பண்ணும் காமெடியும் அதே ரகம்தான். 1993-ல் 'ஜெர்க்கி பாய்ஸ்' இந்தக் காமெடியை ஆல்பமாகவே வெளியிட்டாங்க. தமிழில் ஆர்.ஜே.பாலாஜியின் 'கிராஸ் டாக்' பண்பலையில் பெரிய ஹிட். பிறகு அவரே பிராங்க் கால் பண்ணுவதை நிறுத்திட்டார்.

சிரிப்பு நின்ற இடம்: 2012 டிசம்பரில் ஆஸ்திரேலிய ரேடியோ தொகுப்பாளர்கள் இருவர், பிரிட்டன் அரச குடும்பத்தினர் மாதிரி லண்டன் மருத்துவமனைக்குப் பேசினாங்க. அந்த அழைப்பை நம்பி வார்டுக்கு மாற்றிவிட்டது, இந்தியாவில் பிறந்த ஒரு நர்ஸ். மூன்றே நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019-ல் டிக்டாக் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், பிராங்க் நிகழ்ச்சிகள் தனியுரிமையைப் பாதிப்பதாகக் கவலை தெரிவித்தது. தூத்துக்குடியும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருது.

பண்ணியே ஆகணுமா?

* நெருங்கின நண்பர்களோட நிறுத்திக்கோங்க.
* '108', போலீஸ், மருத்துவமனை பக்கம் போகவே வேண்டாம். அந்த நிமிஷம் நிஜமாவே உதவி தேவைப்படுறவருக்கு லைன் கிடைக்காமப் போகலாம்.
* விபத்து, சாவு, வேலை போனதுன்னு பொய் சொல்லாதீங்க.
* போனை வைக்கும் முன்னாடி உண்மையைச் சொல்லிடுங்க.
* அவர் சம்மதிச்சா மட்டும் ஷேர் பண்ணுங்க.

உண்மை தெரிஞ்சதும் எதிர்முனையில இருக்குறவரும் சிரிச்சா, அது காமெடி. அவர் அமைதியாகிட்டா, அந்த ரெக்கார்டிங்கை டெலீட் பண்ணிட்டு ஒரு 'சாரி' சொல்லிடுங்க!