அஞ்சு நிமிஷப் பாட்டு, மூணு எம்பி

இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஆரம்பிப்போம். 2006 தொடக்கத்துல அங்க நோக்கியா ஃபேக்டரி உற்பத்தியைத் தொடங்குச்சு. லைன்ல நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க இளம் பெண்கள். அங்க செஞ்சது பெரும்பாலும் விலை குறைஞ்ச போன். எல்லாத்துலயும் வீடியோ ஓடாது. ஓடுற போன் கையில இருந்தா, அடுத்த கேள்வி: பாட்டு எங்க கிடைக்கும்?

நெட்டுக்கு அன்னைக்கு வேகமும் இல்ல, கட்டுப்படியும் ஆகாது. அதனால தெருமுனை செல்போன் கடைதான். மெமரி கார்டை நீட்டினா, பாட்டு ஏத்திக் கொடுப்பாங்க.

அந்தக் கடை கம்ப்யூட்டர்ல என்ன நடந்துச்சு? ஒரு விசிடி பாட்டை எடுத்துக்குவோம். படம் 352-க்கு 288 பிக்சல், செகண்டுக்கு 25 ஃப்ரேம். படமும் சத்தமும் சேர்த்து செகண்டுக்குச் சுமார் 1,374 கிலோபிட். அஞ்சு நிமிஷப் பாட்டு ஏறத்தாழ 51 எம்பி. 128 எம்பி கார்டுல ரெண்டு பாட்டுதான் போகும்.

இதை 3ஜிபி ஃபார்மேட்டுக்கு மாத்தணும். (கார்டு அளவு இல்லீங்க, ஃபைல் வகையோட பேரு!) நீளம், அகலம் ரெண்டும் சரிபாதி: 176-க்கு 144. ஃப்ரேம் 15. சத்தம், போன் பேச்சுக்குன்னே உருவான ஏஎம்ஆர். செகண்டுக்கு 76 கிலோபிட்னு வெச்சா, பாட்டு மூணு எம்பிக்குள்ள அடங்கிடும். அதே கார்டுல நாப்பதுக்கு மேல!

இந்த மாதிரி கன்வெர்ட்டர் பலதுக்கும் உள்ள ஓடின இன்ஜின் எஃப்எஃப்எம்பெக். 2000-ல ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கினது, இலவசம். கடைக்காரருக்கு அந்தப் பேரே தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல; ‘ஸ்டார்ட்’ பட்டன் போதும்.

வரி வழக்குல ஃபேக்டரி சொத்து முடங்குச்சு. நோக்கியாவோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ இந்த ஆலை மட்டும் வெளிய நின்னுச்சு. 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. எஃப்எஃப்எம்பெக்கோட கோட் எல்லார் கையிலயும் இருந்ததால, எந்தக் கம்பெனி போனாலும் அது நிக்கல. இன்னைக்கும் 3ஜிபியைத் திறக்குது.

பாட்டு போனா போகட்டும், வேற பிரிண்ட் கிடைக்கும். ஆனா அதே கார்டுல பாட்டியோட பேச்சு, தங்கச்சியோட காதுகுத்து இருக்கலாமே? புது போன்கள் சிலதுல அந்த வீடியோவுல படம் ஓடும், சத்தம் வராது. உடனே ‘ஃபைல் போச்சு’ன்னு அழிச்சுடாதீங்க. விஎல்சியில போட்டுப் பாருங்க. 2022-ல இந்தியாவுல அதோட வெப்சைட்டையே முடக்கி வெச்சிருந்தாங்க. அந்த வருஷ நவம்பர்லதான் திரும்ப வந்துச்சு.

இன்னொண்ணு. எம்பி4-க்கு மாத்தினாலும் ஒரிஜினலை அழிக்காதீங்க. ஒவ்வொரு தடவை சுருக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது. மெமரி கார்டும் என்னைக்கும் உழைக்காது. இந்த வாரமே அலமாரியைத் தேடுங்க. முதல்ல காப்பி, அப்புறம் கன்வெர்ட்.