கொழும்பில் சிறுவர் அரங்கு: கூத்துக் களரியிலிருந்து களப்பயிற்சிக்கு

கொழும்பில் சிறுவருக்கான நாடகக் களப்பயிற்சி என்ற ஒழுங்கு 1970களுக்குப் பிறகே உருவெடுத்தது. அதற்கு முன்பும் பிள்ளைகள் மேடையேறினார்கள். ஆனால் அது பெரியவர்களின் மேடை.

ஈழத்தமிழரின் பழைய பயிற்சிக்கூடம் கூத்துக் களரி. மட்டக்களப்பில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பாத்திரங்களைப் பிரித்துப் பாட்டைக் கையில் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டு காலில் படிந்த பின்பே சதங்கை அணிவிழா; அதுவரை வெறுங்கால்தான். அடுக்குப் பார்த்து, அதாவது முழு ஒத்திகை நடத்தி, அரங்கேற்றம் முடிந்ததும் கூத்தர்கள் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். ஆக, பழக்கத்தைச் சுற்றியிருந்து பார்த்த குடும்பத்தின் முற்றத்துக்கே கூத்து திரும்பி வரும். சிறுவருக்கென்று தனி வகுப்பு கிடையாது. களரியோரம் குந்தியிருந்து பார்த்த பையனுக்குப் பாட்டு தானாகவே மனப்பாடமாகும்.

நகரத்தில் கூத்துக்கும் குடும்பத்துக்கும் இருந்த இந்த உறவு அறுந்தது. கொழும்பு மருதானையில் 1911இல் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. பம்பாயிலிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுக்களின் பாணியில் வளர்ந்த சிங்கள நூர்த்தி நாடகம் கொடிகட்டிப் பறந்தது அங்கேதான். குடும்பம் டிக்கெட் வாங்கி உட்காரும் கூட்டமாயிற்று. பள்ளிக்கூட விழாக்களும் இதே வழியில் போயின: மட்டையில் வெட்டிய கிரீடம், பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆசிரியை, முன்வரிசையில் பெற்றோர். பிள்ளை வசனத்தை மறக்காமல் ஒப்பித்துவிட்டால் அதுவே வெற்றி.

இலங்கை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிகள் வேறொரு கதவைத் திறந்தன. கொழும்பு தெமட்டகொடைக்காரரான அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் சிறுவர் கலைஞராகவே வானொலிக்குள் வந்தவர். அங்கே கிரீடமும் இல்லை, பூச்சும் இல்லை. குரல் ஒன்றுதான் முதல். நாடகப் பயிற்சி என்று யாரும் பெயர் சூட்டாத நல்ல நாடகப் பயிற்சி அது.

திருப்பம் ஆசிரியர்கள் வழியாக வந்தது. 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு நாடகத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட கல்வி டிப்ளோமாவை நடத்தியது. அதில் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய 'கூடி விளையாடு பாப்பா', சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்கள், பிள்ளையின் ஆட்டத்தையும் பாட்டையும் முதன்மையாக வைத்து எழுதப்பட்டவை. சிங்கள அரங்கில் சோமலதா சுபசிங்க 1981இல் சிறுவர், இளைஞர் அரங்குக்கென ஓர் அமைப்பை நிறுவினார்.

இந்தப் புதிய முறையில் வசனம் கடைசியில்தான் வரும். முதலில் வட்டமாக நிற்றல், பெயரைத் தாளத்தோடு சொல்லுதல், ஒரு சால்வையை ஆறாக்கி, பாம்பாக்கி, தொட்டிலாக்கிப் பார்த்தல். பெற்றோரும் சேரும் பயிற்சிகளில் கண்ணாடி விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் மெல்லக் கையசைக்க, மற்றவர் பிம்பமாக அதையே செய்ய வேண்டும். பிள்ளை அசைக்கத் தாய் பிம்பமாகும் முறை வரும்போது, பெரும்பாலும் தாய்தான் முந்திக்கொண்டு அசைத்துவிடுவார். நடத்துநர் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்.