நெடுந்தீவுக்கு ஒருநாட் செலவு

பழந்தமிழில் 'செலவு' என்பது பயணத்தைக் குறித்த சொல். பிற்காலத்தார் அதனைக் காசுக்கே உரியதாக்கிவிட்டனர். யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவின் பழம்பொருட் சின்னங்களைக் காணப் புறப்படும் மாணவர் கூட்டத்துக்கு இருவகைச் செலவும் உண்டு. ஆயினும் அவர்கள் மிகச் சிக்கனமாகக் கையாளவேண்டிய பொருள் காசன்று, காலமே. காலையிற் சென்ற படகுக்கும் மாலையில் மீளும் படகுக்கும் இடையே தீவில் நிற்கக் கிடைப்பது நான்கைந்து மணி நேரம். அந்நேரத்தினுள் எதனை முதலிற் காண்பது, எதனைக் கடைசிக்கு விடுவது என்னும் வினா சிறிய வினாவாகத் தோன்றும். உண்மையில் அத்தீவின் வரலாற்றை நாம் எங்கிருந்து படிக்கத் தொடங்குகிறோம் என்பதனை அதுவே தீர்மானிக்கின்றது.

வழமையான ஒழுங்கு யாவருமறிந்ததே. இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள ஒல்லாந்தர் கோட்டை, அதன்பின் புறாக்கூடு, அதன்பின் பெருக்குமரம், அதன்பின் குதிரைகள். பொழுதிருந்தால் மேற்கேயுள்ள வெடியரசன் கோட்டை. பொழுது இருப்பதில்லை. பல கூட்டத்தார் அதனைக் காணாமலே திரும்புகின்றனர். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கவேண்டும் என்பதே எமது கருத்து. அதற்குரிய காரணங்களைக் கூறுமுன் வழியைப்பற்றிச் சிறிது கூறல் பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, வேலணை வழியாகச் சென்று, வாணர் பாலத்தால் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கோடியிலுள்ள குறிகட்டுவானிற் படகேறல் வேண்டும். நயினாதீவுக்குச் செல்லும் யாத்திரிகரும் இத்துறையிலேயே படகேறுவர். நெடுந்தீவுக் கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குரிய காலம் மாசி முதல் சித்திரை வரையுள்ள மாதங்களே. வைகாசி தொடக்கம் வீசும் சோளகமும், ஐப்பசிக்குப் பின் வரும் வாடையும் மழையும் படகைத் துறையிலேயே நிறுத்திவிடக்கூடும். காலை சென்றவர் மாலை மீளமுடியாது தீவிற் தங்கநேர்வதும் உண்டு. ஆதலின் திட்டம் வகுப்போர் புறப்பாட்டு நேரத்தை முதல்நாளே விசாரித்தறிதல் நன்று. பாய்மரக் காலத்தில் இக்கடலில் ஓடிய வணிகரும் படைஞரும் இவ்விரு காற்றுகளையே தம் பஞ்சாங்கமாகக் கொண்டிருந்தனர் என்பதனைப் படகிலிருந்தே நினைக்கலாம்.

கரையேறும் இடம் மாவிலித்துறை. அங்கே சிறிது நேரம் நிற்றல் கடமை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி இத்துறையினின்று குறிகட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். அவர்களுக்கான நினைவிடம் துறையருகே உளது. தீவின் வரலாறு ஒல்லாந்தரோடு முடிந்துவிட்டதன்று என்பதனை மாணவர் கரையிலேயே அறிவர்.

இனி மேற்குத் திசைக்குச் செல்வோம். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. தட்டையானது, முருகைக்கல்லின்மேல் மெல்லிய மண் படர்ந்தது. வீதியின் இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் கல்வேலிகள். முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பியவை. யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியையும் கதியால்வேலியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு நாடுபோலத் தோன்றும். துறையில் முச்சக்கர வண்டி கிடைக்கும். கூட்டம் பெரிதாயின் உழவு இயந்திரப் பெட்டியே வசதி.

வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்திற் கண்ணுக்குத் தோன்றுவன முருகைக்கல்லால் வட்டமாகக் கட்டப்பட்ட அடித்தளங்கள் மூன்று. அவற்றுள் ஒன்று பெரியது. கண்ணகி வழக்குரையின் கதைப்படி, கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொணருமாறு அனுப்பப்பட்ட மீகாமன் இக்கடலில் வெடியரசனோடும் அவன் தம்பியரோடும் போர் செய்தான். கடலையாண்ட அவ்வரசன் இருந்த கோட்டை இதுவென்பது தீவாரின் வழக்கு. கதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நூற்றாண்டுக் கணக்காக வழங்கியது. கண்ணகி கோவில்களிற் படிக்கப்பட்டது. அதனை வெறுங்கற்பனை எனத் தள்ளுவது தவறு.

எனினும் கோட்டைக்கு உள்ளிடம் வேண்டுமன்றோ? அரசன் இருக்கவும், வீரர் தங்கவும், தானியம் சேமிக்கவும் இடமில்லாத கோட்டையை யாம் கண்டதில்லை. இங்குள்ள கட்டடங்கள் உள்ளிடமற்றவை. வட்டமாகத் திரண்டெழுந்து நிறைவடைந்தவை. இவ்வடிவம் பௌத்த தூபிக்குரியது. தொல்லியலாளர் இவற்றைத் தூபிகளின் அடித்தளங்களென்றே கொள்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு இணை தேடுவோர் கந்தரோடைக்குச் செல்லலாம். அங்கே நெருக்கமாக நிற்கும் சிறு தூபிகளை 1917ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ் என்பவர். வல்லிபுரத்திற் கிடைத்த பிராமி எழுத்துப் பொற்சாசனம் நாகதீவில் ஒரு விகாரை அமைக்கப்பட்டதைக் கூறுகின்றது. ஆகவே நெடுந்தீவுத் தூபிகள் திடீரென முளைத்த தனிச் சின்னங்களல்ல. வடகரையின் பழைய பௌத்தத் தலங்கள் பலவற்றுள் அவையும் ஒன்றாகும்.

இவ்விடத்திற் சிலர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. 2009இற் போர் முடிந்தபின் வடகீழ் மாகாணங்களில் தொல்பொருளின் பெயரால் நிலம் கைப்பற்றப்படுகின்றது என்னும் அச்சம் மக்களிடையே வளர்ந்தது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் நிகழ்ந்த பிணக்குகளை அறிந்தோர் அவ்வச்சத்தை நகையாடார். 'தூபி' என்று ஒப்புக்கொண்டால் நாளை இந்நிலம் எமதன்று என்பர். ஆதலாற் 'கோட்டை' என்றே கூறுவோம் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்தை யாம் விளங்கிக்கொள்கின்றோம், ஆனால் ஏற்கவில்லை. பௌத்தம் என்றாற் சிங்களம் என்னும் சமன்பாட்டை மறுதரப்பார் கூறும்போது மறுக்கும் நாமே, அச்சத்தினால் அதனை ஒத்துக்கொள்வதாக முடிகின்றதே! மணிமேகலையை இயற்றிய சாத்தனார் எம்மொழியில் எழுதினார்? நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டவன் சைவனாகிய முதலாம் இராசராச சோழன். அதனைக் கூறும் செப்பேடுகள் ஒல்லாந்து நாட்டின் இலெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகின்றன. அந்நாகபட்டினத்திற் பௌத்தக் கோபுரமொன்று 1867இல் இடிக்கப்படும் வரை நின்றது. தமிழர் பௌத்தராயும் இருந்தனர் என்பது தமிழரின் வரலாறேயன்றிப் பிறருக்கு விட்டுக்கொடுத்த பங்கன்று. நெடுந்தீவின் மேற்குக் கரையில் நின்று கற்களைப் பார்த்தே மாணவன் இதனை உணரவேண்டும். புத்தகத்திற் படிப்பது வேறு.

வெடியரசன் பெயரையும் கைவிட வேண்டியதில்லை. கட்டடத்தின் பயனை மறந்த ஒரு காலத்தில், அதற்கு உரிமையாளனைத் தேடிய மக்கள் துறவியை நினைக்கவில்லை, கடலோடியை நினைத்தனர். கல்லுக்கு முந்திய வரலாற்றை அப்பெயர் சொல்லாது. கல்லுக்குப் பிந்திய வரலாற்றைச் சொல்லும். கடற்றலைவரின் ஆட்சியை இத்தீவார் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு அது சான்று. கல் ஒரு சான்று, பெயர் மற்றொரு சான்று. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க முற்படுவோர் இருவகையினரும் வரலாற்றாசிரியர் ஆகார்.

இங்கே ஒரு மணி நேரமேனும் செலவிட்டபின் தெற்கு நோக்கித் திரும்பலாம். வெளியிற் குதிரைகள் மேயும். குள்ளமானவை, பிடிப்பாரின்றித் திரிபவை. போர்த்துக்கேயர் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தவை என்பது பொதுவழக்கு. ஆனால் இக்கடலிற் குதிரை வணிகம் பறங்கியருக்கு முந்தியது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்திறங்கவேண்டுமென்றும், அவர்களுக்குத் தீங்கு நேராது காக்கவேண்டுமென்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவருக்கும், பிற சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கும் உரியன என்று வேறுபாடு காட்டுகின்றது. குதிரை கொணர்வார்க்கு அரசன் காட்டிய சலுகையிலிருந்து குதிரையின் அருமை விளங்கும். சிங்கள அரசன் ஒருவன் தமிழில் ஆணை பொறித்தமையும் கவனிக்கத்தக்கது. இக்கல்வெட்டை விரிவாக ஆராய்ந்து 1963இல் வெளியிட்டவர் கலாநிதி கா. இந்திரபாலா.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை இலெய்டனாயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அப்பெயர்களெல்லாம் வழக்கொழிந்தன, நெடுந்தீவின் டெல்ஃப்ட் ஒன்றே ஆங்கில ஏடுகளில் இன்றும் நிற்கின்றது. அதற்குமுன் போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்றனர். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்டெக்ரோன் 1697இல் எழுதிவைத்த குறிப்புரையில் தீவுகளின் குதிரை வளர்ப்பும் இடம்பெறுகின்றது. ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டபின்னும் இவ்வளர்ப்புத் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை மேற்பார்த்த நோலன் என்னும் படையதிகாரியின் பெயர் தீவிற் பெருவழக்காயிற்று. குதிரை லாயத்தின் முருகைக்கற் தூண்கள் வரிசையாக நிற்கின்றன; கூரையில்லை. குதிரைகள் மேயும் நிலப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடுங்கோடையில் நீரின்றி அவை வாடுவதைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுவதுண்டு. அறிவித்தல் பலகையாற் குதிரையின் தாகம் தணியாது.

பெருக்குமரத்தின் பொந்தினுள் நுழைந்து நிழற்படம் எடுப்போரைத் தடுக்க எம்மால் இயலாது. ஆபிரிக்கத் தாயகமுடைய அம்மரம் அராபிய வணிகரோடு வந்திருக்கலாம் என்பர். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

துறைக்கு மீளும் வழியிற் கோட்டையையும் புறாக்கூட்டையும் காணலாம். கோட்டை இருதளமுடையதாய்த் தடித்த முருகைக்கற் சுவர்களோடு எழுந்து, இன்று பெரும்பகுதி சரிந்து கிடக்கின்றது. யாழ்ப்பாணக் கோட்டையின் கோணக் கொத்தளங்களும் அகழியும் இங்கில்லை. பெரும்படையை எதிர்க்கும் கோட்டை இதுவன்று. சிறு காவலும் பண்டகமும் கொண்டதொரு வலுவான வீடு என்றே சொல்லலாம். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் திருத்தினர் என்பது பலர் கருத்து.

புறாக்கூடு நாற்புறமும் மாடங்கள் அமைந்த சிறு கோபுரம். இங்கிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி அனுப்பப் புறா வளர்த்தனர் என்று வழிகாட்டுவோர் கூறுவர். மாணவர் இதனைச் சற்றே ஆராயட்டும். செய்திப்புறா தான் வளர்ந்த கூட்டுக்கே திரும்பும். வேண்டிய திசைக்கு ஏவப்படும் தூதன் அன்று. ஆகவே நெடுந்தீவுக் கூட்டிற் பிறந்த புறா நெடுந்தீவுக்கே செய்தி கொண்டுவரும். யாழ்ப்பாணத்துக்குச் செய்தி செல்லவேண்டுமாயின், யாழ்ப்பாணத்திற் பிறந்த புறாவைக் கூட்டிலடைத்துப் படகிற் கொணர்ந்து இங்கே வைத்திருத்தல் வேண்டும். இருதிசைத் தபாலுக்கு இருவேறு புறாக்கூட்டம் தேவை. அன்றியும் ஐரோப்பியர் புறாவை இறைச்சிக்காகவும் வளர்த்தனர். எது உண்மை என்று கூடு தானே சொல்லாது. ஆயினும் வழிகாட்டியிடம் கேட்கவேண்டிய வினா இதுவாம்.

கைப்பொருளாகக் கொண்டுசெல்ல வேண்டியவை சில. குடிநீர் முதலாவது. தீவின் கிணறுகள் பல உவர்நீருடையன. தெற்கேயுள்ள சாராப்பிட்டிக் கிணறுகளே நன்னீருக்குப் பேர்பெற்றவை. குடையோ தொப்பியோ இரண்டாவது. மேற்குவெளியில் நிழலே இல்லை. மூன்றாவது அளவு நாடாவும் கோடிட்ட தாளும். மூன்று அடித்தளங்களின் சுற்றளவையும் ஒவ்வோராண்டும் ஒரு வகுப்பார் அளந்து குறித்துவரின், பத்தாண்டில் எவ்வளவு கல் குறைந்தது என்பதனைக் கல்லூரியே சொல்லக்கூடிய நிலை வரும். தீவு முழுதும் முருகைக்கல்லே வேலிக்கும் வீட்டுக்கும் உரிய பொருள். சுட்டாற் சுண்ணாம்பும் அதுவே. காவலின்றிக் கிடக்கும் பழங்கட்டடத்தினின்று ஒரு கல்லை எடுத்துச் செல்வது எவர்க்கும் எளிது. எடுத்த கல் வேலியிற் சேர்ந்தபின் வேலிக்கல்லே.

மாலைப் படகு குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். அரைமணி முந்தியே மாவிலித்துறைக்கு வந்துசேர்ந்து, பெயர்ப்பட்டியலைப் பார்த்து மாணவரை எண்ணிக்கொள்ளல் ஆசிரியரின் பொறுப்பு. பெருக்குமரத்தடியில் எவரேனும் எஞ்சியிருத்தல் கூடும்.