வெறுங்காலும் விரலிடுக்கும்: மலையகத்தில் சேற்றுப்புண்

கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரிக்கும் சேற்றுப்புண், தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் கடினப் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளால் உண்டாகிறது. அவற்றுள் இன்று உலகெங்கும் முதன்மையானதாகிய டிரைக்கோபைட்டன் ரூப்ரம், 1903 முதல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானியால், தொடையிடுக்குப் படர்தாமரை பற்றிய ஆய்வில், 1910இல் விவரிக்கப்பட்டது.

அக்காலத்தில் இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்தோர் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே வேலை செய்தனர். ஆதலால் மருத்துவத்துறையின் கவனம், பாதத்தோலைத் துளைத்து உடலுள் புகுந்து குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின்மீதே குவிந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஒழிப்பு இயக்கமும் 1916இல் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கியது. உயிரை வாட்டும் இரத்தசோகைக்கு முன் விரலிடுக்கு அரிப்பு பின்தள்ளப்பட்டது இயல்பே எனினும், மழையில் நனைந்த கால்களோடு, லயம் எனப்படும் ஈரம் காயாத வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பியவர்களுக்கு அது சிறு துன்பமன்று. ஏனெனில் வெடித்த தோல்வழியே பாக்டீரியா நுழைந்தால் கால் முழுதும் சிவந்து வீங்கி, மறுநாள் மலையேறுவதே இயலாமற் போகும்.

காலணி புழுவைத் தடுக்கும். ஆயினும் காற்றுப் புகாத ரப்பர் பூட்சுக்குள் தேங்கும் வியர்வை பூஞ்சைக்கு உகந்தது. காஸ்டெல்லானியின் பெயரால் வழங்கும் செந்நிறச் சாயமருந்து, குளோட்ரிமசோல் போன்ற களிம்புகள் 1970களில் பரவும்வரை, இந்நோய்க்குப் பரவலாகப் பூசப்பட்டுவந்தது.