சொத்தைப் பல் முதல் இம்ப்ளான்ட் வரை: காற்றில் பாயும் நுண்துகள்களின் பணி

பல் மருத்துவமனை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது துளையிடும் கருவியின் இரைச்சல்தான். அக்கருவியின்றியே சிறிய சொத்தைகளை அகற்ற உதவுவது 'ஏர் அப்ரேஷன்' எனப்படும் முறை. அழுத்தப்பட்ட காற்றுடன் அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பல்லின் மீது பாய்ச்சும்போது, அவை மோதும் இடம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. பொதுவாகப் பயன்படும் துகளின் அளவு 27 அல்லது 50 மைக்ரான் மட்டுமே. அதிர்வும் வெப்பமும் குறைவு என்பதால், சிறிய சொத்தைகளுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் பிளாக் 1940-களிலேயே இதை உருவாக்கினார். 1951-ல் 'ஏர்டென்ட்' என்ற கருவி விற்பனைக்கு வந்தது. ஆனால் அன்றைய அமால்கம், தங்க அடைப்புகள் பல்லில் நிற்க, கூர்மையான விளிம்புகளுடன் குழி வெட்ட வேண்டியிருந்தது. துகள்களால் அத்தகைய குழியை வெட்ட இயலவில்லை. 1957-ல் நிமிடத்திற்குச் சுமார் 3 லட்சம் முறை சுழலும் கருவி அறிமுகமானதும் இம்முறை ஓரங்கட்டப்பட்டது. பல்லுடன் ஒட்டிக்கொள்ளும் காம்போசிட் அடைப்புகள் பரவிய பின்னர், 1990-களில்தான் மீண்டும் கவனம் பெற்றது.

இதன் குறைபாட்டை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. அலுமினா துகள்கள் கடினமான பகுதியை வேகமாக வெட்டும். மிருதுவான சொத்தையோ மோதலின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். அதாவது, நீக்க வேண்டிய பகுதியை விட ஆரோக்கியமான பல்லே அதிகம் தேயக்கூடும். கருவியின் முனை பல்லைத் தொடாததால், எவ்வளவு வெட்டப்பட்டது என்பதை மருத்துவரால் கைகளால் உணரவும் இயலாது. ஆழமான சொத்தைக்கும், கிரவுன் பொருத்துவதற்கும் இது ஏற்றதல்ல. அடைப்பு உறுதியாக ஒட்ட, எனாமலில் அமிலப் பூச்சும் அவசியம்.

இம்ப்ளான்ட்டில் என்ன பங்கு?

டைட்டானியம் எலும்புடன் இணையும் தன்மையை 1950-களில் கண்டறிந்த ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க், 1965-ல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். தொடக்கத்தில் வழவழப்பாக இருந்த இம்ப்ளான்ட் எலும்புடன் இணைய, கீழ்த்தாடையில் 3 மாதங்களும் மேல்தாடையில் 6 மாதங்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் தொழிற்சாலையிலேயே, கால் முதல் அரை மில்லிமீட்டர் வரையிலான பெரிய துகள்களைப் பாய்ச்சி, அமிலத்தில் அரித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறை வந்தது. எலும்பு நல்ல நிலையில் உள்ளவர்களுக்குக் காத்திருப்பு 6 முதல் 8 வாரங்களாகக் குறைந்தது.

எலும்பு பற்றிக்கொள்ள உதவும் அதே சொரசொரப்பு, ஈறு இறங்கி வெளியே தெரிய நேர்ந்தால் கிருமிகளுக்கும் புகலிடமாகிறது. அதைச் சுத்தம் செய்யவும் காற்றில் துகள்களைப் பாய்ச்சும் முறையே பயன்படுகிறது. ஆனால் இங்கு அலுமினாவுக்கு இடமில்லை. அது மேற்பரப்பையே மாற்றிவிடும். கிளைசின், எரித்ரிட்டால் போன்ற, நீரில் கரையும் மென்மையான பொடிகளே உகந்தவை. எனவே 'பொடி பாய்ச்சி சுத்தம் செய்கிறோம்' என்று கூறப்பட்டால், எந்தப் பொடி என்று நோயாளி கேட்பதில் தவறில்லை.

அரிதாக, காற்று ஈறு வழியே திசுக்களுக்குள் புகுந்து முகம் திடீரென வீங்குவதுண்டு. அப்போது சிகிச்சையை உடனே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே கரைந்துவிட்ட எலும்பை எந்தப் பொடியாலும் மீட்க இயலாது. அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.