மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889)

மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலின் ஆசிரியர், மாவட்ட முன்சீப், மாயூரம் நகர்மன்றத் தலைவர், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியவர். இலக்கிய வரலாறு அவரை முதல் நாவலாசிரியர் என்றே முன்னிறுத்துகிறது. அந்த நாவலையும் நீதி நூல்களையும் கீர்த்தனைகளையும் விளைவித்த நிலமோ, காவிரிக்கரையில் ஒரு சிறு நகரத்தில் அவர் வாழ்ந்த பொதுவாழ்வுதான்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். நீதிமன்றத்தை அறிந்த ஆசிரியரிடம் மொழி பயின்றது அவர் போகவிருந்த வழிக்கு நல்ல முன்னேற்பாடாக அமைந்தது.

நீதித்துறைப் பணி

1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். 1850-இல் மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல் மாவட்ட முன்சீப்பாகத் தரங்கம்பாடிக்குச் சென்றார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் சுமார் 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார்.

நிலத்தகராறு, கடன், பாகப்பிரிவினை என்று மக்களின் அன்றாட வழக்குகள் வந்து சேரும் இடம் முன்சீப் கோர்ட்டு. அங்கே வாதாடுபவர் பேசும் மொழியும் தீர்ப்பு எழுதப்படும் மொழியும் வழக்காடியவருக்கே புரியாமல் போவதை அவர் நாள்தோறும் கண்டார். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று செய்து காட்டிய முன்னோடி முயற்சி அது. அதற்கு முன்பே, 1859-இல், 'நீதிநூல்' என்ற செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். கைக்கூலி வாங்குவதைக் கண்டிக்கும் பாடல்களும் அதில் உண்டு. நீதிபதி இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவரே எழுதியவை என்பதால் அவற்றுக்குத் தனி எடை இருந்தது.

மாயூரமும் பொதுவாழ்வும்

1872-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை, மாயூரத்திலேயே தங்கிவிட்டார். அதன் நகர்மன்றத் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

சென்னை மாகாணத்தில் 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தால் நகராட்சிகள் உருவாயின. மாயூரம் நகராட்சி 1866-இல் அமைந்தது. சாலை, தெருவிளக்கு, துப்புரவு ஆகியவை முதலில் அதன் கடமைகள். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அம்மை குத்துதல் ஆகியவற்றையும் சேர்த்தது. அரசு அதிகாரிகளின் பிடி இறுகியிருந்த அமைப்பு அது; நகராட்சிகளில் தேர்தல் முறையை விரிவாக்கிய ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882-இல்தான் வந்தது. அத்தகைய தொடக்கக் காலத்தில் உள்ளூரில் வாழ்ந்து, உள்ளூர் மொழியில் எழுதிய ஒருவர் நகர்மன்றத்தின் தலைமையில் இருந்தது மாயூரத்துக்கு வாய்த்த பேறு.

பெண்கல்வி அவர் மனத்துக்கு மிக நெருங்கிய காரியம். 1869-இல் 'பெண்மதி மாலை' வெளிவந்தது. பெண்கல்வி குறித்து உரைநடையிலும் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

சமயங்களைக் கடந்த நட்பு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். 'நீதிநூல்' வெளிவந்தபோது சிறப்புப்பாயிரம் தந்து பாராட்டிய மகாவித்துவான், வேதநாயகம் பிள்ளை மீது 'குளத்துக் கோவை' என்ற நூலையும் பாடினார். சைவப் புலவர் ஒருவர் கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் கோவை பாடினார். அந்தக் கத்தோலிக்கரோ திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிச் செய்யுள் இயற்றினார். இந்த உறவுகளை உ.வே. சாமிநாதையர் தம் நூல்களில் பதிவு செய்திருக்கிறார். 'தேவமாதா அந்தாதி' பாடிய அதே கைதான் 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' நூலையும் தந்தது. எந்தச் சமயத்தவரும் தம் தெய்வத்தை நினைத்துப் பாடும்படி அமைந்த அந்தக் கீர்த்தனைகள் கர்நாடக இசை மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன.

தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். மழை பொய்த்த ஊர்களில் விளைச்சல் இல்லை. நெல் இருந்த இடங்களில் அதை வாங்கக் கூலிக்காரர் கையில் காசு இல்லை. வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் வைத்தார். அப்போது அவர் பதவியில் இருந்து ஆணையிடும் முன்சீப் அல்லர். ஓய்வு பெற்றுத் தம் சேமிப்பில் வாழ்ந்தவர். அந்தச் சேமிப்பைத்தான் கஞ்சியாக்கினார்.

'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவனையே பாடிவந்த அடியவரின் வாயிலிருந்து வந்த அப்பாட்டே, அவர் வாழும் காலத்திலேயே அவருடைய கொடைக்கு எழுந்த நினைவுச்சின்னம்.

நாவலில் தெரியும் நகரம்

பஞ்சத்தின் வடு ஆறாத 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. அதன் நாயகி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரிக்குச் செல்ல, அரச யானை அவளுக்கு மாலையிடுகிறது. அரியணையேறிய அவள் கைக்கூலியை ஒழிக்கவும், வழக்குகளைத் தாய்மொழியில் நடத்தவும் முனைகிறாள். முன்சீப் கோர்ட்டில் அவர் கண்ட குறைகளுக்கெல்லாம் கதைக்குள் தீர்வு கிடைக்கிறது. நல்ல நிருவாகம் எப்படி இருக்க வேண்டும் என்ற அவருடைய கனவின் வரைபடம் என்று விக்கிரமபுரிப் பகுதியைச் சொல்லலாம். அதை ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்ததில் 'பெண்மதி மாலை' ஆசிரியரின் நம்பிக்கை தெரிகிறது. இரண்டாவது நாவலாகிய 'சுகுண சுந்தரி' 1887-இல் வந்தது.

மறைவும் நினைவும்

1889 ஜூலை 21 அன்று வேதநாயகம் பிள்ளை காலமானார். அவர் வகித்த பதவிகளில் பின்னர் எத்தனையோ பேர் அமர்ந்தார்கள். நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவும் எழுப்பப்பட்டு வருகிறது.

அவர் வாழ்ந்த ஊர் 1982-இல் மயிலாடுதுறை என்ற தன் பழந்தமிழ்ப் பெயரை மீண்டும் ஏற்றது. 2020-இல் மாவட்டத் தலைநகரும் ஆனது. மாயூரம் என்பது இப்போது ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் அல்ல. குளத்தூரில் பிறந்தவரைத் தன் மகனாக ஏற்று அந்த ஊர் கொடுத்த பெயர் அது. ஊர் விட்டுவிட்ட அந்தப் பெயரை, தமிழ் படிக்கும் மாணவர்கள் அவர் பெயருக்கு முன்னால் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.